முசிறியைக் கடந்த தண்ணீர்

கப்பலில்,
செப்டம்பர் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் மூன்று நாள் வாந்தியில் போயிற்று. நான்காம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் பசி. அதிலிருந்து உடம்புக்கும் கடலுக்கும் சண்டையில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பஸ்ஸில் இடம் கேட்டு உட்காருங்கள், நின்றுகொண்டே போகாதீர்கள்.

போனை நம்பாமல் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். இப்போது அதுதான் சரி என்று தெரிகிறது. கப்பலில் இன்டர்நெட்டைச் சொட்டு மருந்து மாதிரி தருகிறார்கள். ஒரு போட்டோ அனுப்பினால் அன்றைய பங்கு முடிந்துவிடும். துறைமுகத்தில் இறங்கினால் பேசலாம். ஆனால் போனில் நீங்களும் நானும் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதைத் தாண்டியதே இல்லையே. அத்தா குவைத்தில் இருந்தபோது ‘அண்ணனுக்கு அண்ணி வாரம் தவறாம எழுதுவாங்க’ என்று ஜமீல் சாச்சா சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படி எழுதுங்கள்.

கப்பல் ஏழு மாடி. ஐந்நூறு பேர் உலகத்தைச் சுற்றிக்கொண்டே படிக்கிறோம். வகுப்பறை ஜன்னலில் ஒரு நிமிடம் முழுக்க வானம், அடுத்த நிமிடம் முழுக்கத் தண்ணீர். நடுவில் பேராசிரியர் மீன்களின் செவுள் பற்றிப் பாடம் நடத்துகிறார். அவர் போர்டில் இழுக்கும் கோடு தானாக மேலே ஏறிப் போகிறது. தொழும்போது கப்பல் திரும்பினால் கிப்லாவின் திசையும் திரும்பிவிடுகிறது. காம்பஸை விரிப்பின் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

என் அறையில் கூட இருப்பவள் லிசி. மலேசியாவில் ஜொகூர்காரி, தமிழ்ப் பெண். வாக்கியத்துக்கு ஒரு ‘லா’ போட்டுப் பேசுகிறாள். டிசம்பர் வரை இவளோடுதான்.

வீட்டில் மழை வந்தால் என் அறை ஜன்னலைச் சாத்திவிடுங்கள். எல்லாம் நான் விட்டுவந்தபடியே இருக்கட்டும். பின்பக்கம் ஒவ்வொரு துறைமுகத்திலும் உள்ள ஏஜென்ட் முகவரி எழுதியிருக்கிறேன். கப்பல் போய்ச் சேருவதற்குப் பத்து நாள் முன்பே தபாலில் போட்டுவிடுங்கள். இதை லிஸ்பனில் சேர்க்கிறேன்.

உங்கள் துஆவை நம்பி மிதக்கும்,
மெஹ்ரீன்


பாலக்கரை, திருச்சி
செப்டம்பர் 26

என் மகள் மெஹ்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் நேற்று வந்தது. கீழ் வீட்டில் ஜமீல் சாச்சாதான் வாங்கி வைத்திருந்தார். உறையை முகர்ந்து பார்த்து “கடல் வாசனை இல்லையே” என்றார். வாந்தி நின்றது கேட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி நலம்.

லேபில் வேலை அதிகம். உனக்குத்தான் தெரியுமே, ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் எப்படியும் பட்டினிதானே என்று சுகர் பார்க்க வந்துவிடுவார்கள். இந்த முறை சித்திரை வீதி மாமா ஒருவர் ஊசியைப் பார்த்துவிட்டு, “அடியேனுக்கு ரெண்டு சொட்டு போதாதோ? பெருமாளுக்குக் கைங்கரியம் பண்ற கை” என்றார். இரண்டு சொட்டு என்று சொல்லிக்கொண்டே இரண்டு மில்லி எடுத்தேன்.

காவிரியில் தண்ணீர் நன்றாக வருகிறது. மேட்டூரில் திறந்தது நான்கு நாளாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்று காலை எட்டு மணிக்கு முசிறியில் நேற்றைவிட அரை அடி கூடுதல். காலையில் முசிறியைக் கடந்த தண்ணீர், நான் வேலை முடிந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது பாலத்துக்கு அடியில் வந்துவிடுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பார்ப்பேன். இதுதான் காலையில் சொன்ன தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குள் பஸ் பாலத்தை விட்டு இறங்கிவிடும்.

முந்தாநாள் கனவில் அந்த பஸ் பாலத்தில் ஏறியது, இறங்கவேயில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், கரையே காணோம். கண்டக்டர் வந்து “எங்க இறங்கணும்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பயமாகவே இல்லை மெஹ்ரீன், காற்று நன்றாக இருந்தது. விழித்தபின் நீ இப்படித்தான் போய்க்கொண்டிருப்பாய் என்று தோன்றியது.

உன் ஜன்னல் சாத்தியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


தேமா துறைமுகம், கானா
அக்டோபர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக, கறுத்து, உப்புப் பூத்து இருக்கிறேன். உங்கள் கடிதம் எனக்கு முன்பே இங்கே வந்து காத்திருந்தது. ஏஜென்ட் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் பெயரை அவர் சொன்ன விதத்தில் அது வேறு யாரோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

கடலில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். கண்ணாடி வளையல் துண்டுகள் போல, நட்சத்திரம் போல, குட்டிப் படகு போல. கப்பல் சாயும்போது எல்லாம் ஒரு பக்கமாக ஓடுகின்றன, நிமிரும்போது திரும்பி வருகின்றன. நீங்கள் எனக்கு முதன்முதலில் உங்கள் லேபில் ரத்த அணுக்களைக் காட்டியபோது ‘உள்ளே இவ்வளவு கூட்டமா’ என்று கேட்டேனாம். அதேதான் தோன்றியது. பேராசிரியர் போன பிறகும் எழுந்திருக்க மனமில்லை.

காலையில் மேல்தளத்துக்குப் போனால் பறக்கும் மீன்கள். சிட்டுக்குருவிக் கூட்டம் போலத் தண்ணீரிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய், சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகின்றன. நிஜமாகப் பார்த்தோமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தை லிசிக்குப் படித்துக் காட்டினேன். கனவை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, “யாரு உங்கம்மாவுக்குக் காலையில தண்ணிக் கணக்கு சொல்றது?” என்று கேட்டாள். டிவியில் சொல்வார்கள் என்றேன். “காலை எட்டு மணிக்கு, முசிறியில, அரை அடின்னு டிவியில சொல்வாங்களா லா?” என்றாள்.

யார் சொல்கிறார்கள் அம்மா?

சாச்சாவுக்கு ஸலாம். கேப் டவுனில் உங்கள் கடிதத்தை எதிர்பார்ப்பேன்.

மெஹ்ரீன்


பாலக்கரை
அக்டோபர் 11

என் மகள் மெஹ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து உன் கடிதம் இன்னும் வரவில்லை. கேப் டவுனுக்கு இப்போதே போட்டால்தான் சேரும் என்பதால் காத்திருக்கவில்லை. எனக்குச் சின்ன ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நம் லேபுக்கு மாதாமாதம் சுகர் பார்க்க வருகிற நஸ்ருல்லா என்று ஒருவர், முசிறியில் ஆற்று நீரை அளக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவர், இந்த முறை எல்லோருக்குமாக ஒரு ரஸ்தாளித் தார் கொண்டுவந்தார். சுகருக்கு வந்த ஆள் வாழைத்தாரோடு வருகிறாரே என்று லேபில் ஒரே சிரிப்பு. நஸ்ருல்லா சிரிக்கவில்லை, சீப்பு சீப்பாகப் பிரித்துக் கொடுத்தார்.

நீ தண்ணீரோடு இருப்பதால் உனக்குப் பிடிக்கும் என்று இதை எழுதுகிறேன். ஆற்றை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? படகில் நடு ஆற்றுக்குப் போவார்களாம். சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்த ஒரு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்குவார்களாம். ஓட்டத்தில் அது சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம். அதைக் காதால் எண்ண வேண்டும். யாரும் பேசக் கூடாது. நஸ்ருல்லா சொல்கிறார், எண்ணிக்கொண்டே இருக்கும்போது சில நாள் படகு நிற்பது போலவும் கரை இரண்டும் ஓடுவது போலவும் இருக்குமாம். உங்கள் மகளும் இப்போது அப்படித்தான் பார்ப்பாள் என்றார் நஸ்ருல்லா.

ஜமீல் சாச்சா மாடியில் ஒழுகின இடத்தைப் பூசிக் கொடுத்துவிட்டார். உன் புத்தகங்கள் நனையவில்லை.

குளிர் ஊர் என்று சொன்னாய். காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அம்மா


கேப் டவுன்
அக்டோபர் 21

அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உங்கள் ஜலதோஷம் சரியாகியிருக்கும்.

வருகிற வழியில் கடல் மோசமாக இருந்தது. சாப்பாட்டு அறையில் நாற்காலிகளைச் சங்கிலியால் கட்டினார்கள். தட்டுகள் தாமாகவே மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் பனிமூட்டம். கப்பல் நிமிடத்துக்கு ஒரு முறை ஊதிக்கொண்டே போனது, யாரோ வழி கேட்பது போல. பிறகு மூட்டம் விலகி மலை மட்டும் தெரிந்தது, அடியில் ஊர் இல்லாமல்.

உங்கள் கடிதம் வந்தது. அந்த மனிதரின் பெயரை நான்கு முறை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கடிதத்திலும் அத்தாவின் பெயர் ஒரு முறைகூட இல்லை.

டிசம்பரில் வந்ததும் என் அறையில் இரண்டு நாள் தூங்க வேண்டும், தரை ஆடாமல். வீட்டில் எதையும் மாற்றிவிடாதீர்கள்.

மெஹ்ரீன்


பாலக்கரை
அக்டோபர் 22

என் மகள் மெஹ்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ தேமாவில் போட்ட கடிதம் முந்தாநாள் வந்தது. உன் உடம்பு தேறியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் நன்றாக இருக்கிறேன். இதை மொரீஷியஸுக்கு அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொல்கிறேன்.

நஸ்ருல்லாதான் சொல்கிறார். போன வருஷம் ஆகஸ்டில் முதன்முதலாக லேபுக்கு வந்தார். ஊசி ஏறும்போது எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள், இவர் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். “பயமா இல்லையா?” என்று கேட்டேன். “தண்ணி ஏறுறதப் பார்த்துப் பழக்கம்ங்க” என்றார். அன்றைக்குச் சிரித்ததுதான். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். முசிறியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வருகிறாரே என்று ஒரு நாள் கேட்டேன்: “முசிறியிலேயே லேப் இல்லையா?”

“இருக்குங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் காலையில் செய்தி வர ஆரம்பித்தது. நலமா, சௌக்கியமா எதுவும் இருக்காது. ஆற்றில் எத்தனை அடி என்று ஒரே ஒரு எண். அவர் மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. நாற்பத்தேழு வயது. இந்த ஜூலையில் நேராகவே கல்யாணப் பேச்சை எடுத்தார், “உங்க மக கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று. உன் பெட்டியைக் கட்டும்போது மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும், சாக்ஸ் எடுத்து வைத்தாயா என்று கேட்டுவிட்டேன்.

உன் அத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் வாழ்ந்தோம். அதில் அவர் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டினால் பதினோரு மாதம். நல்ல மனிதர். அவரை எனக்குக் கடிதங்களில்தான் அதிகம் தெரியும். அவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும், தபால்காரர் மணியடித்தால் எனக்குள் ஏதோ எழுந்து நிற்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நஸ்ருல்லாவுக்குப் பிலிகுண்டுலுவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. கர்நாடகத்திலிருந்து காவிரி நம் பக்கம் நுழைகிற இடம், மலைக்காடு. நவம்பர் 8 அங்கே சேர வேண்டும். ஜமீல் சாச்சாவிடம் பேசினேன். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, “மெஹ்ரீன் சரின்னா எனக்கும் சரி அண்ணி. அண்ணன் பிள்ளை மனசு நோகக் கூடாது” என்றார்.

நான் அவரோடு போனால் லேப் வேலையை விட வேண்டும். இந்த மாடி பூட்டிக் கிடக்கும். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா


கப்பலில், இந்துமகா சமுத்திரம்
நவம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். போன கடிதத்தில் அதைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 2 அன்று போர்ட் லூயியில் உங்கள் கடிதம் கிடைத்தது. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு வந்தது கோபம்தான் அம்மா. யார்மேல் என்று தெரியாத கோபம். போனை எடுத்து ‘நலம்’ என்று ஒரு சொல் அனுப்பினேன். எழுதாமல் இருக்காதே என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதாமல் இருந்தேன்.

மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது. கிளம்பிய இரண்டாம் நாள் சாட்டிலைட் ஏதோ பழுதாகி இன்டர்நெட் அடியோடு நின்றது. பினாங்கு போகும்வரை வராது என்கிறார்கள். ஆறு நாளாகக் கரையில்லை, பறவையில்லை, எதிரே ஒரு கப்பல் இல்லை. காற்று விழுந்துவிட்டது. கடல் எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடக்கிறது. மேகம் எது, அதன் நிழல் எது என்று தெரியவில்லை. கப்பல் கடிகாரத்தை இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். இன்று என்ன கிழமை என்று யாருக்கும் நிச்சயமில்லை. எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம்.

நேற்று எங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை அளக்கும் பாடம். மேல்தளத்தில் வரிசையாக நின்றோம். பேராசிரியர் வரைபடத்தில் நாங்கள் இருக்கும் இடத்தைப் புள்ளி வைத்தார். அதிலிருந்து நேர் வடக்கே ஸ்கேலை வைத்து நானே கோடு இழுத்துப் பார்த்தேன். திருச்சி. நடுவில் தண்ணீர்தான், இலங்கைகூடக் கிழக்கே ஒதுங்கிவிட்டது. அந்த நிமிடம் சூரியன் எனக்கும் உங்களுக்கும் ஒன்றாக உச்சியில் நின்றது. என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. நீங்கள் லேபில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அது ஞாயிறோ வெள்ளியோ என்று சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். தெரியவில்லை. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் நான் தூங்குவேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். லிசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “முசிறியிலேயே லேப் இருக்கு லா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் உலகத்தைச் சுற்றப் போகலாம், நீங்கள் மட்டும் அந்த மாடியில் என் ஜன்னலைச் சாத்தித் திறந்துகொண்டு இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அத்தா பெயரை எழுதி உங்களைக் குத்தியதும் அதற்காகத்தான், அத்தாவுக்காக அல்ல. மன்னித்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் முழுதாகச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சரி அம்மா. சாச்சாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்: மெஹ்ரீன் சரி என்கிறாள்.

இன்றுதான் அவர் புது இடத்தில் சேரும் நாள் என்று ஞாபகம் இருக்கிறது. இதைவிட வேகமாகச் சொல்ல இங்கிருந்து வழியில்லை. பினாங்கில் இறங்கியதும் முதல் வேலையாக ஸ்பீட் போஸ்டில் போடுவேன்.

மெஹ்ரீன்


பாலக்கரை
நவம்பர் 10

என் மகள் மெஹ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருக்கிறாய் என்று ஒரு சொல்லில் தெரிந்துகொண்டேன். நானும் நலம். இந்தக் கடிதம் உனக்கு ஹோ சி மின் நகரில் கிடைக்கும்.

நீ கேப் டவுனில் எழுதியது மூன்றாம் தேதி வந்தது. அதற்கு முதல் நாள்தான் மொரீஷியஸிலிருந்து உன் ‘நலம்’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆறாம் தேதி அவர் லேபுக்கு வந்தார். ரத்தம் எடுத்து முடித்ததும், “வேண்டாங்க” என்றேன்.

“மக சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலை. அதுதான்.”

கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆள் டோக்கனோடு வாசலில் நின்றார். “ரிசல்ட் எப்பங்க வரும்?” என்று கேட்டார். சாயங்காலம் என்றேன். “யாரையாவது விட்டு வாங்கிக்கறேன்” என்று எழுந்து போனார். யாரும் வந்து வாங்கவில்லை. சுகர் போன மாதத்தைவிட ஏறியிருந்தது.

ஏழாம் தேதியே கிளம்பிவிட்டாராம். காலையில் இப்போது எண் வருவதில்லை. பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியாது. பார்வைக்கு நிறையப் போவது போலத்தான் இருக்கிறது. நேற்று பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்திருந்தது.

நீ வருத்தப்படுவதற்காக இதை எழுதவில்லை. உன் அறை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். நிம்மதியாகப் படி.

அன்புடன்,
அம்மா


ஹோ சி மின் நகரம்
நவம்பர் 21

அம்மா,

உங்கள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். நான் பினாங்கில் போட்டது உங்களுக்கு வந்ததா? அன்று போனில் நானே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ‘லெட்டர் போட்டிருக்கேன், படிங்க’ என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களிடம் நேராகச் சொல்ல நா எழவில்லை.

காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. சாச்சாவுக்குப் போட்டால் அவரும் எடுக்கவில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அவரிடம் சொல்லுங்கள் அம்மா. நான் எழுதாமல் இருந்ததுதான் தப்பு, அதை நீங்கள் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெஹ்ரீன்


பாலக்கரை
நவம்பர் 24

என் மகள் மெஹ்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன் நான்கு அழைப்பும் மலையிலிருந்து இறங்கிய பிறகு போனில் வரிசையாக வந்து விழுந்தன. உடனே கூப்பிட்டேன், உன் கப்பல் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. ‘சொல்லிவிட்டேன்’ என்று செய்தி மட்டும் அனுப்பினேன். அது உன்னை எப்போது வந்து சேர்ந்ததோ. மீதியை ஜப்பானில் படித்துக்கொள்.

உன் பினாங்குக் கடிதம் இருபதாம் தேதி மதியம் வந்தது. நீ போனில் சொன்ன குரலை வைத்து அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, நான்கைந்து நாளாகத் தபாலுக்குப் பயந்துகொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். சாச்சாவிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “போன் பண்ணுங்க அண்ணி” என்றார். பண்ணினேன், போகவில்லை. அந்தக் காட்டில் டவர் இல்லையாம். “நான் போயிட்டு வரேன்” என்றேன். “கூட வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் விடியும் முன்பே ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

சேலம், தர்மபுரி, பென்னாகரம், அங்கிருந்து அஞ்செட்டி போகிற பஸ். கடைசியில் ஒரு ஜீப். நான் இதுவரை தனியாக இவ்வளவு தூரம் போனதில்லை மெஹ்ரீன். மழை விட்டு வெயில் வந்த காடு. மலை திரும்பத் திரும்ப முன்னால் வந்து வழிவிட்டது. இலை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே சேர்ந்துவிட வேண்டும் என்றும் தோன்றியது.

மூன்று மணிக்கு ஆற்றங்கரையில் இறங்கினேன். வீரமலை என்று அங்கே வேலை செய்பவர், “யாரப் பார்க்கணும்?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்றார். திருச்சியிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை, ஒரு பாறையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

நடு ஆற்றில் படகு. அதில் மூன்று பேர். ஒருவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். எனக்கு அப்படியே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவும் பஸ் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே ஆறு நம் ஊர் ஆறு போல இல்லை. ஒடுங்கி, பச்சையாக, பாறைக்கு நடுவில் சத்தத்தோடு வருகிறது.

படகு கரைக்கு வந்தது. அவர் இறங்கி, நோட்டில் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

“எப்ப வந்தீங்க?”

“ஒரு மணி நேரம் ஆச்சு.”

“பார்த்தேங்க. பாதியில விட்டா முதல்லேருந்து எண்ணணும்.”

அவர் முகம் கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தது. சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ம் என்றார். பொய் என்று தெரிந்தது. பிறகு, “மெஹ்ரீன் சரின்னு எழுதியிருக்கா” என்றேன்.

கையிலிருந்த நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “நீங்க என்ன சொல்றீங்க?”

மெஹ்ரீன், இத்தனை மாதத்தில் அதை என்னிடம் யாருமே கேட்கவில்லை. சாச்சா கேட்கவில்லை. நீ கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் உன் பதிலுக்காக உட்கார்ந்திருந்தோம்.

“அதச் சொல்லத்தான் பஸ்ஸுல பத்து மணி நேரம் வந்திருக்கேன்” என்றேன்.

அன்று வீரமலையின் வீட்டில் அவர் மனைவி ஜோதியோடு தங்கினேன். மறுநாள் திரும்பினேன்.

நிக்காஹ் டிசம்பர் 19, நம் பள்ளிவாசலில். அதற்கு ஆறு நாள் முன்பே நீ வந்துவிடுவாய். உன் அறையில் இரண்டு நாள் தூங்கு, யாரும் எழுப்ப மாட்டோம். பிறகு நான் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று நீயும் கூட இருந்து சொல். லேபில் பிப்ரவரி வரை இருக்கச் சொல்கிறார்கள். அதுவரை சனிக்கிழமை போய்த் திங்கள் காலை வருவேன். அதற்குப் பிறகு அங்கேயே. மாடிச் சாவி உன்னிடம்தான் இருக்கும்.

உன்னை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு அவரும் வருகிறேன் என்கிறார். உன்னிடம் என்ன பேசுவது என்று இப்போதே பயந்துகொண்டிருக்கிறார். அதிகம் பேசுகிறவர் இல்லை. முதலில் நீ பேசிவிடு.

அன்புடன்,
அம்மா